நில அளவர் உரிமத்துக்கு முயல்வதா?

கலிஃபோர்னியாவில் 1982 ஜனவரி 1-க்கு முன்பு சிவில் எஞ்சினியராகப் பதிவு பெற்றவர்கள், நில எல்லைகளையும் அளந்து வரைபடத்தில் கையெழுத்திடலாம். அதற்குப் பிறகு பதிவு பெற்றவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. நான் பிறகு வந்தவன். சாலைக்கும் வடிகாலுக்கும் மனைத் தரையைச் சமன்படுத்துவதற்கும் நான் போடும் வரைபடங்களில் என் முத்திரை செல்லும். ஒரு வீட்டு மனையின் மூலை எங்கே இருக்கிறது என்று சொல்ல அதே முத்திரைக்கு உரிமை கிடையாது. சிவில் உரிமம் பெறுவதற்காக இந்த மாநிலம் நடத்தும் பொறியியல் அளவைத் தேர்வில் தேறியிருந்தாலும் நிலைமை மாறாது. நில அளவைப் பிரிவிலேயே வேலை பார்க்கும் எனக்கு, தொழில்முறை நில அளவர் உரிமத்துக்கும் முயல வேண்டுமா என்ற கேள்வி சில காலமாகவே இருந்து வருகிறது. இதே கேள்வியோடு இங்கே பணிபுரியும் நம்மவர்கள் சிலரை அறிவேன் என்பதால், நான் யோசித்த வழியை விரிவாகவே எழுதுகிறேன்.

வழிமுறையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அமெரிக்காவில் இந்த உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. தேர்வுகளில் இரண்டை மட்டும் நாடு முழுவதற்கும் பொதுவாக என்சிஇஇஎஸ் என்ற அமைப்பு நடத்துகிறது. அடிப்படைத் தேர்வில் 110 கேள்விகள், தொழில்முறைத் தேர்வில் 100 கேள்விகள். இரண்டுமே கணினியில் எழுதும் தேர்வுகள். மாநிலத்தின் சட்டத்தையும் நடைமுறையையும் பற்றி இன்னொரு தேர்வு தனியாக உண்டு. சிவில் உரிமம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இரண்டு ஆண்டு நில அளவை அனுபவம் போதும் என்று கலிஃபோர்னியச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் அதில் ஓராண்டு களத்திலும் ஓராண்டு அலுவலகத்திலும் பொறுப்பேற்றுச் செய்த வேலையாக இருக்க வேண்டும். பார்வைக்குச் சிறிய இந்த நிபந்தனைதான் என் யோசனையின் திசையைக் கடைசியில் தீர்மானித்தது; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“ஒரு லைசென்ஸ் கையில் இருக்கிறதே, இன்னொன்றுக்கு எதற்கு மெனக்கெடுகிறாய்?” என்று என்னுடன் படித்த நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. உரிமம் என்றால் சம்பள உயர்வு, பதவி, என்றாவது சொந்தமாக ஓர் அலுவலகம் என்று கணக்குப் போடுவதே வழக்கம், அந்தக் கணக்கில் தவறும் இல்லை. எங்கள் துறையில் முத்திரை வைத்திருப்பவர்களில் நான் பார்த்த பலர் ஓய்வை நெருங்கியவர்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் தேவைப்படும் என்பதும் கண்கூடு. ஆனாலும் சம்பளத்துக்காக மட்டும் இந்த உரிமத்தை எடுப்பவர் வெகுநாள் மகிழ்ச்சியாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது எஞ்சினியர் உரிமத்தின் மேல் அடுக்கும் இன்னொரு படி அல்ல. வேறு வகையான முடிவு ஒன்றை எடுப்பதற்கான அனுமதி இது, அந்த முடிவை எடுக்க விருப்பம் இருக்கிறதா என்பதே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது.

எஞ்சினியரிங் படிப்பு என்னை ஒரு விதமாகப் பழக்கியிருக்கிறது. வரைபடத்தில் ஒரு நீளம் எழுதப்பட்டிருக்கிறது, தரையில் வேறு நீளம் வருகிறது என்றால், தரையில் இருப்பதை வரைபடத்துக்கு ஏற்பத் திருத்துவேன். எல்லை அளவையில் இந்தப் பழக்கம் நேர்மாறாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்திலிருந்து வளர்ந்த முறைப்படி, இந்த நாட்டின் பெரும்பகுதி 6 மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கராகவும் வகுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் இதற்கான தொடக்கப் புள்ளிகள் மூன்று: டயாப்லோ மலை 1851-இல், சான் பெர்னார்டினோ 1852-இல், ஹம்போல்ட் 1853-இல் நிறுவப்பட்டவை. 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கிலும் புதர்க்காட்டிலும் ஏறி இறங்கி, காந்த ஊசியின் துணையோடு அளந்தவர்கள் விட்டுச்சென்ற பிரிவுகளில் சரியாக ஒரு மைல், அதாவது 5,280 அடி, வரும் பக்கம் ஒன்றைத் தேடினால் எளிதில் கிடைக்காது. ஆனால் 1805-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்வது தெளிவானது: அன்று தரையில் நட்ட மூலைதான் மூலை. நூறடி தள்ளி நட்டிருந்தாலும், அந்தக் குறியை நம்பி நிலம் விற்கப்பட்டுவிட்டால், இன்று மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் எனக்கு அதை நகர்த்தும் உரிமை இல்லை.

மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி தாமஸ் கூலி 1878-இல் ஒரு வழக்கில் எழுதியதை நில அளவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். குறிகள் மறைந்த பிறகு செய்யப்படும் மறு அளவையின் நோக்கம், அவை எங்கே இருந்தன என்று கண்டுபிடிப்பது. எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது அல்ல என்பது அவர் கருத்து. நில அளவருக்கு நீதிமன்ற அதிகாரம் எதுவும் இல்லை, உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றமே என்பதையும் வலியுறுத்தியவர் அவர்தான். அதே வேளையில், பெரும்பாலான எல்லைகள் நீதிமன்றத்தின் படியேறுவதே இல்லை; அண்டை வீட்டார் இருவரும் நில அளவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு வேலி போட்டு வாழ்ந்துவிடுகிறார்கள். ஆகவே அதிகாரம் இல்லாத ஒருவரின் கருத்து, நடைமுறையில் இறுதித் தீர்ப்பின் பலனைப் பெற்றுவிடுகிறது. இதைப் படித்த பிறகுதான் இந்த உரிமத்தின் எடை எனக்குப் புரியத் தொடங்கியது.

பழைய மனைப்பிரிவு ஒன்றில் எங்கள் குழு வேலை செய்தபோது, ஒரே மூலையில் மூன்று குறிகள் கிடைத்தன. அடையாளம் எதுவுமற்ற துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று. உரிம எண் பொறித்த தகட்டோடு இன்னொரு குழாய். பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு கம்பி. மூன்றும் ஓரடிக்குள்ளேயே நின்றன. சுற்றிலும் கிடைத்த மற்றக் குறிகளை வைத்து நான் அலுவலகத்தில் கணக்கிட்டபோது கணினி நான்காவதாக ஓர் இடத்தைக் காட்டியது. கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. எங்களுக்குப் பொறுப்பான உரிமம் பெற்ற நில அளவர் அந்தக் கணக்கை முழுவதும் பார்த்துவிட்டு, பிறகு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சாலைத் துறையின் பழைய களக் குறிப்பேடுகளைத் தேடி எடுத்தார். அடையாளமற்ற அந்தக் குழாய் மனைப்பிரிவு உருவான காலத்திலேயே அங்கே இருந்ததும், பின்னர் கட்டிய நடைபாதையும் மதில்களும் அதைப் பார்த்தே போடப்பட்டதும் குறிப்பேட்டிலிருந்தும் களத்திலிருந்தும் தெரியவந்தன. அவர் அந்தக் குழாயையே மூலையாக ஏற்றுக்கொண்டார். மற்ற இரண்டு குறிகளும் அதிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று வரைபடத்தில் காட்டினார். நான்காவதாக ஒரு குறியை நட அவர் சம்மதிக்கவில்லை. “இதுவரை வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் அளவீடே சரி என்று நினைத்ததால்தான் இங்கே மூன்று நிற்கின்றன” என்றார்.

நான் இந்தத் துறையில் கண்ட மிகச் சிறந்த வேலை அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கருவி எதற்கும் அதில் பங்கில்லை. சான்றுகளைத் தேடி, அவற்றை எடைபோட்டு, எது எதைவிட நம்பத்தக்கது என்று முறையாகத் தீர்மானித்த வேலை அது. பத்திரத்தில் உள்ள விவரங்கள் ஒன்றோடொன்று மோதும்போது, ஆறு, பாறை போன்ற இயற்கைக் குறிகளுக்கு முதலிடம். அடுத்து மனிதர் நட்ட குறிகள். பிறகு திசையும் தூரமும். பரப்பளவுக்குக் கடைசி இடம் என்று நீதிமன்றங்கள் பொதுவாக ஒரு வரிசையைப் பின்பற்றுகின்றன. தூரத்தையும் பரப்பளவையும் முதலில் பார்க்கும் என்னைப் போன்ற எஞ்சினியருக்கு இந்த வரிசை அடியோடு தலைகீழ்.

காணாமல் போன மூலைகளைப் பற்றிய விதிகள் இதைவிடவும் நுட்பமானவை. குறி அழிந்துவிட்டது, ஆனால் அது இருந்த இடத்தைச் சாட்சிகளாலோ பிற தடயங்களாலோ நிறுவ முடியும் என்றால், அந்த மூலை அழிந்ததாக மட்டுமே கருதப்படும். எந்தச் சான்றாலும் ஐயமற நிறுவ முடியாதபோதே அதைத் தொலைந்த மூலை என்று சொல்லலாம். அப்போது மட்டுமே அருகிலுள்ள மூலைகளுக்கு இடையிலான தூரத்தை விகிதப்படி பங்கிட்டு அதை மீட்க அனுமதி உண்டு. பங்கிடுவது எளிது, மென்பொருள் ஒரு நொடியில் செய்துவிடும். அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. நான்கு திசையிலும் மூலைகள் கிடைத்துவிட்டால், நடுவில் இருக்கும் மூலைக்காகப் புதரை வெட்டி, மண்ணைத் தோண்டி, மூலைக்கு அடையாளமாக அன்று குறித்துவைத்த சாட்சி மரம் நின்ற இடத்தில் மக்கிய வேரையாவது தேட வேண்டிய அவசியம் என்ன என்று மனம் கேட்கும். தேடாமல் விட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் தேட வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் ஒழுக்கம், அதை ஒருவர் தேர்வு எழுதிக் கற்றுக்கொள்ள முடியாது.

தேடாமல் விட்டதன் உச்சத்தைக் கலிஃபோர்னியா 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. ஜான் பென்சன் என்பவரின் கூட்டம் அரசாங்க ஒப்பந்தங்களை வரிசையாகப் பெற்று, போகாத இடங்களுக்குப் போனதாகவும் நடாத குறிகளை நட்டதாகவும் களக் குறிப்புகளை எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியது. அந்தக் குறிப்புகளை நம்பித் தொலைவான மலைப்பகுதிகளில் மூலைகளைத் தேடிப் போன பிற்காலத்து நில அளவர்கள், கல்லும் இல்லாமல் மரத்தில் வெட்டும் இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். நாட்டிலேயே முதன்முதலாக நில அளவர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய மாநிலம் கலிஃபோர்னியா, ஆண்டு 1891. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. கையெழுத்திட்ட மனிதர் யார் என்று பொதுமக்கள் அறிய வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவடைந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை என நினைக்கிறேன்.

இந்த மாநிலத்தின் எல்லைகளில் இன்னும் பல அடுக்குகள் உண்டு. மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் வழங்கப்பட்ட ராஞ்சோ என்ற பெரும் பண்ணை நிலங்கள், கையால் தீட்டிய படங்களில் ஓடையையும் குன்றையும் ஓக் மரத்தையும் எல்லையாகக் காட்டின. 1851-ஆம் ஆண்டின் சட்டப்படி அவற்றின் உரிமையாளர்கள் ஆணையத்தின் முன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1906 நிலநடுக்கத்தில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலே இருந்த சாலைகளும் வேலிகளும் ரெயிஸ் முனைக்கு அருகே சுமார் 20 அடி விலகின. அதைத் தொடர்ந்த தீயில் சான் ஃபிரான்சிஸ்கோவின் நிலப் பதிவுகள் எரிந்துபோனதால், உரிமையை மீண்டும் நிலைநாட்டுவதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு மூலையைப் பற்றிக் கருத்துச் சொல்பவர் வரலாற்றையும் சட்டத்தையும் புவியியலையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது சுமையாகத் தோன்றவில்லை. பழைய களக் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு அதில் சொன்ன பாறையைக் களத்தில் கண்டுபிடிப்பதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு, வடிகால் வடிவமைப்பில் ஒருபோதும் கிடைத்ததில்லை.

தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டால் இந்த உரிமத்துக்கே மதிப்பிருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் கருவியும் லேசர் ஸ்கேனரும் ட்ரோனும் அளப்பதை மலிவாக்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் அளவீடு மலிவாக மலிவாக, அதற்குப் பொருள் சொல்பவரின் தேவை கூடியிருப்பதையே நான் பார்க்கிறேன். ஓர் உதாரணம் போதும். அமெரிக்க சர்வே அடிக்கும் சர்வதேச அடிக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. வீட்டு மனை அளவில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கலிஃபோர்னியாவின் ஆயத்தொலைவு முறையில், ஒரு புள்ளி கிழக்கே எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று காட்டும் மதிப்புகள் 60 லட்சம் அடி அளவில் இருக்கும்போது, அடியின் வகையை மாற்றி எடுத்துக்கொண்டால் புள்ளி சுமார் 12 அடி நகர்ந்துவிடும். 2022-ஆம் ஆண்டின் இறுதியோடு சர்வே அடியைக் கைவிட மத்திய அமைப்புகள் முடிவு செய்தாலும், ஏற்கெனவே பதிவான வரைபடங்களில் அது என்றும் இருக்கும். எந்த அடி, எந்த ஆண்டின் நிலை, எந்தக் குறியிலிருந்து என்று கேட்கத் தெரியாதவர் கையில் துல்லியமான கருவி ஆறுதல் தராது. ட்ரோனும் ஸ்கேனிங்கும் மட்டுமே பிடித்தவர்கள், உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பின் கீழ் அந்த வேலைகளை மகிழ்ச்சியாகச் செய்யலாம். அவர்கள் எல்லைச் சட்டத்தில் ஆண்டுகளைச் செலவிட வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கத்தையும் முழுதாக வைத்துப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் நடப்படும் ஒவ்வொரு எல்லைக் குறியிலும் அதை நட்டவரின் உரிம எண் இருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத புதிய புள்ளிகளையோ முரண்பாடுகளையோ கண்டால், 90 நாட்களுக்குள் அளவை வரைபடத்தைக் கவுண்டி சர்வேயரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். ஆக, நான் எடுக்கும் முடிவு என் பெயரோடு, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவாக, எனக்குப் பிறகும் இருக்கும். காப்பீடு எடுக்க வேண்டும். வழக்கு வந்தால் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆங்கிலம் கற்றுவந்த என் போன்றவர்களுக்கு இது கூடுதல் தயக்கத்தைத் தரும். 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களின் கையெழுத்தும், நிறுத்தக்குறியே இல்லாமல் நீளும் சட்ட வாக்கியங்களும் முதலில் என்னைத் திணறடித்தன. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த சக ஊழியர்களும் அவற்றை நிறுத்தி நிதானமாகத்தான் படிக்கிறார்கள். ஒரு காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்று அவர்களும் விவாதிக்கிறார்கள். அந்த மொழி யாருக்கும் தாய்மொழி இல்லை என்று கண்ட பிறகு அந்தத் தயக்கம் பெருமளவு குறைந்தது.

குடும்பத்தின் பக்கமும் உண்டு. களத்துக்கு மாறினால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும், மாலையில் படிப்பு, வார இறுதியில் மாநிலச் சட்டத்தின் பிரிவுகள். என் மனைவியிடம் இதைப் பேசியபோது, தேர்வு முடிந்த பிறகு வேலை குறையுமா கூடுமா என்று அவர் கேட்டார். கூடும் என்பதே உண்மையான பதில், அதை மறைக்காமல் சொன்னேன். அதையும் சேர்த்தே இருவருமாக முடிவெடுத்தோம்.

எல்லாவற்றையும் எடைபோட்டபோது தட்டைச் சாய்த்தது, நான் முதலில் சொன்ன அந்தப் பொறுப்பு என்ற நிபந்தனை. அலுவலக வேலையில் எனக்கு அந்த அனுபவம் இருக்கிறது: பத்திரங்களைப் படித்துப் பகுத்திருக்கிறேன், எல்லையைக் கணக்கிட்டிருக்கிறேன், வரைபடம் தயாரித்திருக்கிறேன். களத்தில் நான் இதுவரை உதவியாளன். எங்கே தோண்டுவது, எந்தக் குறியைத் தேடுவது, கிடைத்ததை எப்படி ஆவணப்படுத்துவது, தேடுதலை எப்போது நிறுத்துவது ஆகியவற்றை வேறு ஒருவர் தீர்மானித்தார். எல்லையைப் பற்றிய முடிவில் பாதி அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. களத்தில் பார்க்கத் தவறிய குழாயை அலுவலகத்தில் யாராலும் ஏற்றுக்கொள்ளவோ மறுக்கவோ முடியாது. விதிப்படி தேவையான மாதங்களை எப்படியாவது கணக்குக் காட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிப் பெறும் முத்திரையோடு, மூன்று குறிகள் நிற்கும் ஒரு மூலையில் நான் தனியாக நிற்க நேர்ந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். சட்டம் கேட்கிறது என்பதற்காக அல்லாமல், எனக்கே தேவை என்பதால் அந்த ஓராண்டை முழுமையாகச் செய்ய விரும்புகிறேன் என்பது அப்போது தெளிவாயிற்று. அந்த விருப்பம் வந்த பிறகு, உரிமத்துக்கு முயல்வதா என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிட்டது.

எனவே முயல்கிறேன், ஆனால் தேர்வை முதலில் வைத்து அல்ல. களக் குழு ஒன்றை வழிநடத்தும் பொறுப்புக்கு மாற்றும்படி கேட்டிருக்கிறேன்; எனக்குச் சான்றளிக்கக்கூடிய உரிமம் பெற்ற நில அளவர்களிடம், எந்தெந்த வேலையைப் பொறுப்பான கள வேலையாக ஏற்பார்கள் என்று கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன்; ஒவ்வொரு வேலையிலும் நான் எடுத்த முடிவு என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று அன்றன்றே எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். விண்ணப்பத்தில் அனுபவத்தை விவரிக்க அந்தக் குறிப்புகள் உதவும். தொழில்முறைத் தேர்வுக்கும் மாநிலத் தேர்வுக்குமான படிப்பு மாலை நேரங்களில் நடக்கும்; தேர்வுக்கு நாள் குறிப்பது களத்தில் அந்த ஓராண்டு முடிந்த பிறகு.